ஆறாவது மாதத்தில் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் பற்றிய செய்திகள் வரத் தொடங்கும். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை என்று படத்தோடு போடுவார்கள். அப்படி ஒரு படத்தில் நானும் ஓரமாக நின்றிருக்கிறேன். ஆனால் ஆணை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று எந்தச் செய்தியிலும் படித்ததில்லை.

எங்கள் தெருவில் காது கேட்காத பெண் ஒருவர், முகாமில் தேர்வாகி ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். நல்ல கை வேகம், சூப்பர்வைசரே பாராட்டினாராம். மூன்றாம் மாதம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். விசாரித்தால், அங்கே ஷிப்டு மாற்றத்தை மைக்கில்தான் சொல்வார்களாம். இவர் பழைய நேரத்துக்கே போய் நின்று இரண்டு முறை ஆப்சென்ட் வாங்கியிருக்கிறார். மூன்றாவது முறை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எழுதிக் காட்டினார்களாம். எழுதிக் காட்டத் தெரிந்தவர்கள் அதை முதல் முறையே செய்திருக்கலாம்.

எனக்கு வலது காலில் போலியோ. கணக்கு எழுதும் வேலை. கழிவறை மாடியில் இருந்ததால் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே பல வருடம் ஓட்டினேன். சிறுநீர்த் தொற்று வந்து படுத்த பிறகுதான் முதலாளியிடம் வாய்விட்டுச் சொன்னேன். பாவம், அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரே மாதத்தில் கீழ்த்தளத்தில் கைப்பிடி வைத்துக் கட்டிக்கொடுத்தார். முன்பே கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த வேலையும் போனால் வேறு யார் தருவார்கள் என்ற பயத்தில் இருப்பவனுக்கு வாய் வராது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகை தரச் சொல்கிறது, அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. சரி, அது போகட்டும். 21ஆம் பிரிவு தனியாருக்கும் பொருந்தும். நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், என்னென்ன வசதி உண்டு, எந்தெந்தப் பணியிடம் பொருத்தமானது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். இணையதளத்தில் போட முடியாவிட்டால், கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். நான் போய்வந்த அலுவலகச் சுவர்களில் காலண்டரைத்தான் பார்த்திருக்கிறேன்.

முகாமில் மேசை போட வரும் நிறுவனத்திடம் அந்தக் கொள்கையின் நகலை மாவட்ட நிர்வாகம் முதலில் கேட்டு வாங்கட்டும். அப்புறம் ஆறாவது மாதம், ஆணை வாங்கிய ஒவ்வொருவரிடமும் வேலையில் இருக்கிறீர்களா, விட்டுவிட்டீர்கள் என்றால் ஏன் என்று விசாரிக்கட்டும். காது கேட்காதவர்களுக்குப் போன் போடாமல் குறுஞ்செய்தி அனுப்பட்டும். அடுத்த முகாமின் படத்தைப் போடும்போது அந்த எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்.