அம்மாவின் தட்டைப் பற்றி

அன்புள்ள சரோஜா,

கடிதம் கிடைத்தது. உன் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்கடுத்த பாராவைப் படித்ததிலிருந்து மனசு அம்மாவிடமே நிற்கிறது.

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதத்தில் 50 கிலோ 44 ஆகிவிட்டது, வால் எலும்புப் பக்கம் படுக்கைப் புண் வந்து தோல் உரிந்து சிவந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுகிறாய், ஏர் பெட் வாங்கிவிட்டாய். நல்லது. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வை. யாரோ கொடுத்தார்கள் என்றாயே, அந்தக் காற்றடைத்த ரப்பர் வளையம், அதை மட்டும் எடுத்துவிடு. புண்ணைச் சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

என்னை உறுத்தியது நீ எழுதிய சாப்பாடு. காலையில் டீயும் ரஸ்க்கும், மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. முட்டையும் மீனும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று சித்தி தடுத்துவிட்டார்களாம். நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன், சரோஜா. மருந்து, கட்டு எல்லாம் ஒழுங்காக நடக்கும். பத்தியம் என்ற பேரில் நோயாளி பட்டினி கிடப்பார், புண் மூடவே மூடாது. சீழ் வருவது கிருமியால். முட்டையால் அல்ல.

புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். புண்ணிலிருந்து கசிகிற நீரோடும் புரதம் வெளியேறுகிறது. சோறு, எண்ணெய் போதாவிட்டால் உடம்பு இருக்கிற தசையையே எரித்துச் சக்தி எடுக்கும். அம்மா மெலிந்தது அப்படித்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை குறையக் குறைய இன்னொரு இடத்திலும் புண் வரும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதமும், 30 முதல் 35 கலோரியும் வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு 55 முதல் 66 கிராம், ஏறக்குறைய 1,400 கலோரி. நீ இப்போது கொடுப்பதில் புரதம் 20 கிராம்கூடத் தேறாது. இரண்டு முட்டை, இரண்டு தம்ளர் பால், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, ஒரு துண்டு மீன். இவையே 45 கிராம் தாண்டும். மீதியைச் சோறும் இட்லியும் தந்துவிடும்.

பல் இல்லாதவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்பாய். முட்டையை அவித்து மசித்து, நெய் விட்ட பருப்புச் சோற்றில் கலந்துவிடு. மீனை முள் போக உதிர்த்துப் பிசை. பாலில் ஒரு கரண்டி பால் பவுடர் சேர்த்தால் அளவு கூடாமலே புரதம் கூடும். கஞ்சிதான் இறங்கும் என்றால் அதில் பொட்டுக்கடலை மாவும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் போடு; கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைக்குப் பஞ்சமா! வயிறு நிறையக் கொடுக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடு. கொய்யாவோ நெல்லிக்காயோ தினமும் இருக்கட்டும், வைட்டமின் சி இல்லாமல் புதுச் சதை உறுதிப்படாது. கட்டாயம் உட்கார வைத்தே ஊட்டு, இருமினால் உடனே நிறுத்து. ஊட்டி முடித்துக் கொஞ்ச நேரம் சென்றதும் படுக்க வைத்துவிடு. அரைகுறையாகச் சாய்ந்தே கிடந்தால் உடம்பு கீழே சரிந்து அதே இடம் உராயும்.

சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்காதே. அளவு ஏறினால் மாத்திரையை, இன்சுலினை டாக்டர் மாற்றட்டும். துத்தநாக மாத்திரையை நீயாக வாங்கிக் கொடுக்காதே, நீண்ட நாள் அதிகமானால் உடம்பில் செம்பைக் குறைத்துவிடும். வாயால் போதிய அளவு இறங்காவிட்டால் சத்து பானம் உதவும். 2015-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், சத்துக் குறைந்திருந்த 200 பேரில் ஒரு பாதிக்கு ஆர்ஜினைன் (புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்), துத்தநாகம், வைட்டமின்கள் சேர்த்த பானமும், மறுபாதிக்கு அதே கலோரி, அதே புரதமுள்ள சாதாரண பானமும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் முதல் கூட்டத்துக்குப் புண் சராசரியாக 61 சதவீதம் சுருங்கியது, மற்றவர்களுக்கு 45. ஆனால் விலை அதிகம். முதலில் அடுப்படியிலிருந்து தொடங்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சித்தியிடம் நானே போனில் பேசுகிறேன், நான் சொன்னால் கேட்பார்கள். வாரம் ஒரு முறை புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதி வை. கெட்ட வாடை, காய்ச்சல், கருப்பாகத் தோல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

ரிசல்ட் வந்ததும் கிரியேட்டினின் அளவை எனக்கு எழுது. தை பிறந்ததும் நான் அங்கே வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
விஜயா