மதினிக்கு: பீரோவுக்குள் இருக்கும் போர்வை பற்றி

அன்புள்ள மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து அண்ணனுக்காக நான் தைத்துக் கொடுத்த போர்வையைப் பார்த்தேன். பீரோ மேல்தட்டில், கொடுத்த அதே மஞ்சள் பைக்குள், கொடுத்த அதே மடிப்போடு இருந்தது. நான் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். டீயை நீட்டிக்கொண்டே, "ஒட்டுப்போட்டதைத் தூக்கிக்கிட்டு போட்டுக்குப் போனா மத்த ஆளுக என்ன நெனப்பாக?" என்றீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அத்தை சேலையெல்லாம் இதுல கெடக்கு. போனவுக துணி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாம்பன் வந்து இறங்கும்வரை மனசுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் நாலு பேராவது இதையே கேட்டுவிட்டார்கள். கூடவே, "இந்த ஊரு வெக்கைக்குப் போர்வை எதுக்குக்கா?" என்றும்.

வெக்கைக்கான பதில் சின்னது. வெளிநாடுகளில் இதற்கு நடுவில் பஞ்சு அடுக்கு வைப்பார்கள். நான் வைக்கவில்லை. மேலே கட்டங்கள், நடுவில் அப்பாவின் பழைய வேட்டி, அடியில் சேலை. மூன்றுமே பருத்தி. வீட்டில் இது விரிப்பு. மீன்பிடிப் போட்டில் அண்ணன் ராத்திரி பலகையில் படுத்து, விடியும்போது பனியில் சட்டை ஈரமாகி எழுந்திரிக்கிறதே, அதற்குத்தான் போர்வை.

இனி ஒட்டு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஒட்டு என்பது கிழிந்த இடத்தில் போடுவது. எங்கே போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதையெல்லாம் கிழிசல்தான் சொல்லும், நாம் கேட்டுக்கொள்வோம். அதைப் பார்க்கிறவர்களுக்கு இல்லாமை தெரிகிறது, உண்மைதான். ஆனால் இந்தப் போர்வையில் கிழிசல் எதுவும் எனக்கு உத்தரவு போடவில்லை. நல்ல துணியை நானே வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் மூன்றரை இஞ்ச் சதுரம். தைத்து முடித்தால் மூன்று இஞ்ச். அப்படி ஒன்பது சேர்ந்தால் 9 இஞ்சில் ஒரு கட்டம்: அழுத்தமான நிறத்தில் ஐந்து, வெளிர் நிறத்தில் நான்கு, மாறி மாறி. அதற்குப் பக்கத்தில் வெட்டே இல்லாத வெறும் கட்டம் ஒன்று. அகலத்தில் ஐந்து கட்டம், நீளத்தில் எட்டு. மொத்தம் 40 கட்டம், அதில் 20 ஒன்பது துண்டுக் கட்டம், 20 வெறும் கட்டம். 45 இஞ்சுக்கு 72 இஞ்ச். அண்ணன் உயரத்துக்கு ஆறடி வேண்டும், அடியில் போடும் சேலை அகலத்துக்குள் 45தான் அடங்கும். அளவு அப்படி வந்ததுதான்.

பிரித்துப் பாருங்கள். நாலு கட்டம் கூடுகிற இடத்தில் நாலு மூலையும் ஒரே புள்ளியில் முட்டும். அந்தப் புள்ளி விலகினால் நீங்கள் சொல்வது சரி, அது ஒட்டுத்துணிதான். முட்டினால் யாருக்கும் ஒட்டு என்று தோன்றாது. நான் இரண்டு மாசமாக மல்லுக்கட்டியது அந்தப் புள்ளிக்காகத்தான்.

முதல் தடவை முட்டவில்லை. அந்த அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தையலுக்கு விடுவது கால் இஞ்ச், அதாவது டெய்லர் கணக்கில் இரண்டு நூல் (ஓர் இஞ்சுக்கு எட்டு நூல்). மெஷின் பாதத்தின் ஓரத்தை வைத்து அடித்தால் கால் இஞ்ச் வரும் என்று நம்பி, ஆறு கட்டம் தைத்துவிட்டேன். என் மெஷின் பாதம் கொஞ்சம் அகலம் போலிருக்கிறது, இரண்டரை நூல் விழுந்திருக்கிறது. அரை நூல்தானே, ஜாக்கெட்டில் அது கணக்கே இல்லை. இங்கே ஒரு தையலில் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை, ஆக ஒரு நூல் போகிறது. ஒன்பது துண்டுக் கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல், இரண்டு நூல் போச்சு. சுற்று ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து ஒன்பதரை இஞ்ச் வர வேண்டிய கட்டம் ஒன்பதே கால்தான் வந்தது. பக்கத்தில் வைக்கும் வெறும் கட்டத்தில் தையலே கிடையாது, அது ஒன்பதரையாகவே உட்கார்ந்திருந்தது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இழுத்துப் பார்த்தேன், சுருக்கம் விழுந்தது. ஆறையும் பிரித்தேன். பிரிப்பதைவிடக் கடுப்பான வேலை தையலில் எதுவும் இல்லை.

அப்பா வலை பின்னுவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கண் அளவுக்கு ஒரு கட்டை வைத்திருப்பார், ஒவ்வொரு கண்ணையும் அதில் சுற்றித்தான் முடிச்சுப் போடுவார். நாற்பது வருசம் வலை பின்னியவர், கண் பார்வைக்கே அளவு வரும். ஆனாலும் கட்டையை விட மாட்டார். அதை நினைத்துக்கொண்டுதான் மெஷின் தகட்டில் ஒரு வேலை செய்தேன். ஊசியை இறக்கி, ஸ்கேலில் கால் இஞ்ச் கோட்டை ஊசிக்கு நேராக வைத்து, ஸ்கேல் ஓரத்தை ஒட்டி மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நாலு அடுக்காக ஒட்டினேன். துணி அந்தத் திண்டில் உரசிக்கொண்டு போனால் போதும், பாதத்தைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்றும் தெரிந்தது. கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாக விட வேண்டும். தைத்த துண்டுகளை விரித்துத் தையலை ஒரு பக்கம் மடக்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடுகிறது.

180 சின்னச் சதுரத்தையும் ஒவ்வொன்றாக வெட்டினேன் என்று நினைத்துப் பரிதாபப்படாதீர்கள். மூன்றரை இஞ்ச் அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்து, மூன்று பட்டையைச் சேர்த்துத் தைத்து, பிறகு குறுக்கே மூன்றரை மூன்றரையாக வெட்டினால் மூன்று துண்டு ஒட்டியபடியே வந்துவிடும். அழுத்தம்–வெளிர்–அழுத்தம் என்று ஒரு ரகம், வெளிர்–அழுத்தம்–வெளிர் என்று இன்னொரு ரகம். முதல் ரகம் இரண்டு, நடுவில் மற்றது ஒன்று, அவ்வளவுதான் ஒரு கட்டம். இதில் எனக்குப் பிடித்த சூட்சுமம் இஸ்திரியில் இருக்கிறது. தையல் மடிப்பை எப்போதும் அழுத்தமான நிறத்துப் பக்கமே சாய்த்துத் தேய்க்க வேண்டும். முதல் ரகத்தில் மடிப்பு வெளிப்பக்கம் சாயும், இரண்டாவதில் உள்பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு மடிப்பு இன்னொன்றோடு கொக்கி மாதிரி பொருந்தி நிற்கும், விரலிலேயே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் புள்ளி முட்டாமல் எங்கே போகும்? தேய்க்கும்போது பெட்டியை இழுக்கக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

முக்கோணமும் முயற்சி செய்தேன். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் அந்த வெட்டு நூலோட்டத்துக்குச் சாய்வாகப் போய் கிராஸ் ஆகிவிடுகிறது, தொட்டாலே நீள்கிறது. இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்துவிட்டு, கடைசியில் கோட்டில் வெட்ட வேண்டுமாம். அதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு நல்ல சேலைத் துண்டு வீணாகிவிட்டது. அடுத்த போர்வையில் பார்க்கலாம்.

துணி எல்லாம் வீட்டுத் துணிதான். அழுத்த நிறத்துக்கு அண்ணனின் பழைய கைலிகள். கட்டம் போட்ட கைலி வெட்டுவதற்குச் சொர்க்கம். நெய்த கட்டம் நூலோட்டத்தோடுதான் ஓடும், கோடு போடாமலேயே நேராக வெட்டலாம். அச்சடித்த கைலி அப்படியில்லை, கோடு ஒரு பக்கம் போகும், நூல் ஒரு பக்கம் போகும். ஒரு சிவப்புக் கைலி மட்டும் ஈர வெள்ளைத்துணியில் தேய்த்தபோதே சாயம் விட்டது, அதை ஒதுக்கிவிட்டேன். மீதி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்னாலேயே துவைத்துக் காயவைத்தேன். நம்ம உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்குமா? கடைசி அலசலுக்குக் குடம் குடமாகக் காசு கொடுத்து நல்ல தண்ணி வாங்கினேன்.

வெளிர் நிறம் அம்மாவின் பரமக்குடிச் சேலைகள். இங்கேதான் உங்கள் இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன்.

அம்மா போனபோது உடுத்தியிருந்ததையும், படுக்கையில் கிடந்ததையும் முறைப்படி கடலில் விட்டுவிட்டோம். நீங்கள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்தத் துணி எதையும் நான் தொடவில்லை. இவை அம்மா டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தவை. இரண்டு சேலை, அப்புறம் அப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்று. கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகும்போது அம்மா சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளுமே, அந்த நீலச் சட்டை. வெயிலும் உப்பும் தின்று தோள்பட்டை நைந்துபோயிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இழை நெருக்கமாக இருந்த முதுகுப் பக்கத்தை மட்டும் எடுத்தேன். மேலிருந்து மூன்றாவது வரிசையில், நடுக்கட்டத்தின் நடுத்துண்டு அதுதான். சட்டையை வெட்டுவதற்கு முன் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். அளவுக்கு மேலே வைத்து வெட்டிய அட்டை எது தெரியுமா? அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே படம். தேயாது, மழுங்காது, உள்ளே துணியின் கட்டம் தெரியும். டெய்லர்கள் எக்ஸ்ரே படத்தில் அச்சு வெட்டுவது உண்டு, அதில் வேறு அர்த்தம் தேடாதீர்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது, மூன்று பக்கம் ஆறு சூழ்ந்தது. பருத்திக் காட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இப்படித் தைத்திருக்கிறார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண், புருசன் செத்த பிறகு அவருடைய வேலைத் துணிகளையே வெட்டித் தைத்து, அதைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். படம் பார்த்தேன் மதினி. வெளுத்துப்போன நீலமும் சாம்பலுமாக, பெரிய பெரிய கட்டம். அந்த ஊர்ப் போர்வைகளை 2002-ல் நியூயார்க் மியூசியத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம பக்கத்துக் கர்நாடகாவில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த சித்தி இனப் பெண்கள் பழைய சேலைகளைக் கொண்டு கவந்தி என்று ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள், நாலு மூலையிலும் மடித்த முக்கோணம் வைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர். நம்ம போர்வை மூலையில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து "இது என்ன காது?" என்று கேட்டீர்களே, அதுதான் இது. அவர்களைப் பார்த்து வைத்தேன்.

ஒரு குறை இருக்கிறது, நீங்களே கண்டுபிடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்கையும் விரித்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு, அவசரத் தையல் வந்ததால் ஒரு வாரம் அப்படியே போட்டுவிட்டேன். பாம்பன் காற்றில் ஒரு வாரம்! எடுத்தபோது கீழ் ஓரத்தில் ஐந்தாறு துருப் பொட்டு. எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் வைத்ததில் பாதி போனது, பாதி போகவில்லை. அதற்கப்புறம் குண்டூசியை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூலாலேயே நீள ஓட்டம் ஓட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே தெரிகிற கைத்தையல் எல்லாம் சாதாரண ஓட்டுத் தையல்தான், அழகுக்குப் போட்டதில்லை. அடுக்கு நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூன் 14 முடிந்ததும் போட்டு கடலில் இறங்கும். அன்றைக்கு அண்ணன் பையில் இதை வைத்துவிடுங்கள். அவரிடம் கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்பார், வைத்திருந்தால் போர்த்திக்கொள்வார். டீசல் கறை படுமே என்று பார்க்க வேண்டாம், படட்டும். உப்பேறி வந்தால் நல்ல தண்ணியில் ஓர் அலசல் போதும், நிழலில் காயப்போடுங்கள்.

வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம். என் குண்டூசி டப்பாவில் 50 இருக்க வேண்டும், 49தான் இருக்கிறது. வீட்டை எல்லாம் தடவிவிட்டேன், மெஷின் அடியில் ஸ்பீக்கர் காந்தத்தை ஓட்டியும் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. துருப் பொட்டு இருக்கும் கீழ் ஓரத்தை, பட்டி மடக்கிய இடத்தை, விரலால் அழுத்தி ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து உங்கள் நாத்தனார்