மேல்முறையீடு உண்டு என்று யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம் நடந்ததைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். எத்தனை பேருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்தது என்ற கணக்கும் இருந்தது. 'பாதிப்பு சதவீதம் போதாது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்து எங்கே போவது என்றும் நாலு வரி போட்டிருக்கலாம்.

என் அத்தான் பனையேறித் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. அவருக்கு 35 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். "அவ்வளவுதான், போங்க" என்றதோடு சரி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதையும் குறித்த காலத்துக்குள் போட வேண்டும். தெரியாதவருக்கு அந்தக் காலம் சும்மா கழிந்துவிடும்.

மனு எழுதுவது பெரிய வேலையில்லை. டாக்டர்கள் முன்னால் போய் நிற்பதுதான் பெரும்பாடு. முதல் தடவை அத்தான் வெளுத்த வேட்டி கட்டி, சுவரைப் பிடித்தாவது நிமிர்ந்து நடந்து போனார். "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "சுகமா இருக்கேன் சார்." நம்ம ஊர் ஆளிடம் பெரியவர்கள் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? சிறுநீர் தன்னையறியாமல் போய்விடுவதைக் கூச்சத்தில் சொல்லவே இல்லை. நரம்பு பாதிப்பை மதிப்பிடும்போது அதையும் கணக்கில் எடுக்க விதி இருக்கிறது.

மேல்முறையீட்டுக்காக இந்தத் தடவை அக்கா ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் எங்கே உட்காருகிறார், குளிக்க யார் பிடிக்க வேண்டும், ராத்திரி எத்தனை தடவை துணி மாற்ற வேண்டும், எல்லாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினோம். சிகிச்சை தரும் டாக்டரிடம், நோயின் பெயரோடு நிறுத்தாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்றும் எழுதி வாங்கினோம். முதல் பரிசோதனையில் எதற்கு எவ்வளவு சதவீதம் போட்டார்கள் என்ற தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். அன்றைக்கு மாத்திரை போடாமல் போ, அப்போதுதான் வலி முகத்தில் தெரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த வேலையே வேண்டாம். மாத்திரை போட்டிருக்கிறேன், இத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொன்னால் போதும். கூட இருந்து பார்க்கிறவர் உள்ளே வரவும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. வரட்டும்.

பத்துகாணி, பேச்சிப்பாறை பக்கமிருந்து பஸ் மாறி மாறி நாகர்கோவில் வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியும் போகிறது. மறுக்கும்போதே காரணத்தையும், மேல்முறையீட்டை யாரிடம், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த முகாம் செய்தியில் நீங்களும் அதைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவட்டாறு