தண்டட்டி அல்ல, பாம்படம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், விக்டோரியா மகாராணி காலத்து அதிர்ஷ்ட வளையல்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். குதிரை லாடம், நாலிலைக் குளோவர் என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில், “நம்மவர்களுக்கு நகை என்றால் எடைதான், இத்தகைய நம்பிக்கையெல்லாம் கிடையாது” என்று ஒரு வரி. நான்கு நாளாக அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஐம்படைத் தாலி தாங்கள் அறியாததா? திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் சிறிதாகச் செய்து, காப்பாகப் பிள்ளையின் கழுத்தில் கட்டுவது. மணிமேகலையில் மழலையின் வாய்நீர் வடிந்து ஐம்படையை நனைக்கிறது. தலையாலங்கானத்தில் வென்ற நம் பாண்டியனையே, “தாலி களைந்தன்றும் இலனே” என்று புறநானூற்றின் 77-ஆம் பாட்டு வியக்கிறது. பிள்ளைத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை, அதற்குள் போர்க்களத்தில் நிற்கிறானே என்று.

எங்கள் வீட்டு ஐம்படையில் சங்கு மிளகளவுதான். சக்கரத்தின் ஓரத்தில் அண்ணன் பால்பல்லால் கடித்த தடம் இருந்தது. அக்காள் கல்யாணத்துக்கு அதை விற்றோம், மறைக்கவில்லை. டவுனில் ஒரு நகைக்கடையில் தராசில் போட்டு, “பழைய தங்கம்” என்று முடித்துவிட்டார்கள். அந்தத் தடத்தை அம்மா காட்டினாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடை பார்த்தது யார், ஐயா?

ஆச்சி காதில் தொங்கிய பாம்படமும் அன்றே போயிற்று. உள்ளே அரக்கு என்று கழித்தது போக, கைக்கு வந்தது சொற்பம். வீடு வரும்வரை பஸ்ஸில் வெறுங்காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். தோளைத் தொடும் காதைக் கேலி பேசியே எத்தனை பெண்களைக் காதை அறுத்துத் தைத்துக்கொள்ள வைத்தார்கள்! பேத்தி நானே ஆச்சியோடு கடைத்தெருவுக்குப் போகக் கூசியிருக்கிறேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

போன வருடம் என் பேரனுக்கு வசம்பு வளையல் கட்டியிருந்தோம். பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் பெற்ற பொருள். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லாமல் கத்தரித்துக் குப்பையில் போட்டார்கள். காரணம் இருந்தால் சொல்லியிருக்கலாம், கேட்டிருப்போம்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. பக்கத்தில் அச்சிட்ட காதணிப் படத்தின் கீழ் ‘தண்டட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பாம்படம். அடுத்த ஞாயிறு அந்த ஒரு சொல்லையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
அம்பாசமுத்திரம்.