செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் மூன்று முறை போதிய ஆள் வராததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல. கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை, விண்ணப்பப் படிவம் எல்லாம் இலவசமாகச் செய்து தருகிறோம். பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் பதிவுமூப்பை இழந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பி.எஃப். பிடிக்கும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இ-ஷ்ரம் கிடையாது. சிறு விவசாயியின் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு. இதை வாரம் பத்துப் பேருக்காவது சொல்கிறேன்.

"நம்ம பசங்களுக்கே வேலை இல்லை, ஜார்க்கண்டில் இருந்து வந்தவனுக்கு எதற்கு இந்த சேவை?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். இன்று அவர் வரவில்லை, இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள்தான் நம் அப்பா அம்மா. நமக்கென்று டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், வரிசையாகக் கட்டிய லைன் வீடு கொடுத்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த என் அம்மாவின் பழைய குடும்ப அட்டையில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அந்தக் கறை போட்டோவில் அவர் முகத்தில் ஒட்டியிருக்கிறது. அன்று அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள்.

ஒரு ஜார்க்கண்ட் பையனுக்கு அட்டை எடுக்க உட்கார்ந்தோம். ஓ.டி.பி. வரவே இல்லை. விசாரித்தால், ஆதாரில் இருந்தது அவனைக் கூட்டிவந்த ஏஜென்ட்டின் நம்பர். சரி, மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனால் ரேகை பதியவில்லை. கட்டைவிரல் காய்த்து, கொழுந்துக் கறை ஏறி வழவழவென்று இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் பார்த்தான். கடைசியில் கருவிழியைக் காட்டித்தான் வேலை முடிந்தது. இந்தியில் எனக்கு நாலு வார்த்தை, தமிழில் அவனுக்கு நாலு வார்த்தை. எட்டு வார்த்தையில் அரைநாள் போனது. 50 ரூபாய் கட்டணம் யார் கட்டியது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா வருடத்துக்கு 120 ரூபாய், மாதம் ஒரு டீக் காசு. பாதிப்பேர் கட்டவில்லை, சிலர் இரண்டு வருடமாக. ஆனால் வீட்டு விசேஷத்துக்குச் சங்கத்தின் நாற்காலியும் அண்டாவும் எடுக்க அதே வீடுகளில் இருந்துதான் முதலில் ஆள் வருகிறது. பெயர் சொல்லப்போவதில்லை.

தலைவர், பொருளாளர், அறை கொடுத்தவர்கள், ஞாயிறுதோறும் கூட உட்கார்ந்த கல்லூரி மாணவி எல்லோருக்கும் நன்றி.

அந்தப் பெண்ணுக்கு ஜூனில் கோவையில் வேலை. எனக்கும் சாயங்காலமானால் திரையில் எழுத்து தெரிவதில்லை. இந்தி தெரிந்த பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் இரண்டு மணி நேரம் அனுப்புங்கள். சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் இருந்தால் தூசியோடு கொடுத்தாலும் பரவாயில்லை. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்