பிரவுசரில் இருக்கும் வசதிகள் கண்ணில் படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரவுசர்களுக்குள் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வருவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் சிறிய இன்டர்நெட் சென்டர் நடத்துகிறேன். மாணவர்கள், விவசாயிகள், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் எனப் பலரும் பிரவுசரில் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் அன்றாடம். அவர்கள் திணறி நிற்கும் இடங்கள் எதற்கும் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. தேவையான வசதி பிரவுசருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்காத மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

டவுன்லோடையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் ஒரு பையன் ஹால் டிக்கெட் எடுக்க வருகிறான். பொத்தானை அழுத்துகிறான். திரையின் மேல் ஓரத்தில் ஒரு அம்புக்குறி லேசாக அசைந்து அடங்கிவிடுகிறது. ஒன்றும் வரவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறான், இன்னொரு முறையும் அழுத்துகிறான். ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஹால் டிக்கெட், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் போட்ட நகல்களோடு கிடக்கும். ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று பிரவுசரே கேட்கும்படி மாற்ற முடியும். எங்கள் கணினிகளில் அப்படி மாற்றி வைத்த பிறகு "அண்ணே, ஃபைல் எங்கே போச்சு?" என்ற கேள்வி ரொம்பவே குறைந்துவிட்டது. அந்த அமைப்பைத் தேடிப்போய் மாற்ற எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது நோட்டிஃபிகேஷன், அதாவது தளங்கள் திரை ஓரத்தில் காட்டும் அறிவிப்பு. ஏதோ ஒரு தளம் அனுமதி கேட்கும், அழுத்தினால்தான் உள்ளே போகலாம் என்று நினைத்துப் பெரியவர்கள் அழுத்திவிடுவார்கள். அப்புறம் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று திரை ஓரத்தில் மிரட்டல் வந்துகொண்டே இருக்கும். பயந்துபோய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வைரஸ் எதுவும் இருக்காது. அனுமதியை நீக்கினால் போதும்.

இந்தத் தொல்லை பிரவுசர் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. 2020 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் பிரவுசர், தானாகத் துள்ளி வரும் அந்தக் கேள்வியை முகவரிப் பட்டையில் ஒரு சின்னக் குறியாக அடக்கியது. அடுத்த மாதமே குரோமும் அமைதியான முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் குரோமில் அது தானாக இயங்கியது யாருக்கு என்று பாருங்கள்: அனுமதியை அடிக்கடி மறுப்பவர்களுக்கும், பெரும்பாலோர் மறுத்துவிடும் தளங்களிலும். மறுக்கத் தெரிந்தவர் எப்படியும் தப்பித்துவிடுவார். கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்துகிறவருக்குத்தானே முதல் காவல் வேண்டும்?

தமிழில் படிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'திருவள்ளுவர்' பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டையில் பெயர் தமிழிலேயே அழகாகத் தெரியும். அதை அப்படியே காப்பி செய்து நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் பெரிய வால் ஒன்று போய்ச் சேரும். முகவரிகளில் பயன்படும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாக (பைட் என்பது கணினியின் சேமிப்பு அலகு) எழுதப்படுகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதன்பின் இரண்டு எழுத்து என மூன்று எழுத்தாக விரிகிறது. 'திருவள்ளுவர்' என்பதில் இகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறிகள். ஆக அந்த ஒரு பெயருக்கு 108 எழுத்து! வாங்கியவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து தொடவே மாட்டார். ஆசிரியர்கள் மாணவர்களுக்கு அனுப்பும் தமிழ்க் கட்டுரை இணைப்புகளுக்கும் இதே கதிதான்.

இப்படிச் செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய மென்பொருள்கள் சில, தமிழ் எழுத்து வந்த இடத்திலேயே இணைப்பை வெட்டிவிடும். ஆனாலும் தேர்வு நம் கையில் இருக்க வேண்டாமா? ஃபயர்பாக்ஸில் தமிழாகவே காப்பி ஆகும்படி மாற்ற ஓர் அமைப்பு உண்டு. அது சாதாரண செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லை. முகவரிப் பட்டையில் 'அபௌட் கான்ஃபிக்' (about:config) என்று அடித்தால் வரும் பக்கத்துக்குப் போய், அங்கே வரும் எச்சரிக்கையைத் தாண்டி, நீண்ட பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'தமிழிலேயே காப்பி செய்' என்று ஒரு வரி சேர்த்தால் முடிகிற காரியம் இது.

எழுத்து அளவும் இப்படித்தான். ஃபயர்பாக்ஸில் தமிழுக்கென்று தனி ஃபான்ட்டும் குறைந்தபட்ச அளவும் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பக்கங்கள் மாறாமல், தமிழ் என்று குறிக்கப்பட்ட பக்கங்கள் மட்டும் பெரிதாகும். கண் மங்கிய ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. தவறி மூடிய டேப்பைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தலாம் என்பதையும், பாதி நிரப்பிய விண்ணப்பம் போனபிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். நிரப்பியது திரும்பி வருமா என்பது அந்தந்தத் தளத்தைப் பொறுத்தது.

நாம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். ஆகும். டேப்களைக் குழுவாகப் பிரிக்கும் வசதியை ஃபயர்பாக்ஸ் 2011-இல் தந்தது, பயன்படுத்துவோர் குறைவு என்று 2016-இல் எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா, பயனர்களின் யோசனைகளைக் கேட்க நடத்தும் கனெக்ட் தளத்தில் பயனர்கள் விடாமல் கேட்டார்கள். 2025-இல் புது வடிவில் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தளத்தில் தமிழ் முகவரியைப் பற்றியும் நாம் எழுதலாம். ஆங்கிலத்தில் நான்கு வரி போதும், ஒரு ஸ்கிரீன்ஷாட் சேர்த்தால் இன்னும் நல்லது. குரோமுக்கும் அதன் மெனுவிலேயே கருத்து அனுப்ப இடம் இருக்கிறது.

புதிதாக நிறுவியதும் 'இதையே உங்கள் முதன்மை பிரவுசராக வைக்கவா?' என்று கேட்கிறார்களே, அதே இடத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், ஃபைலை எங்கே வைக்கட்டும், தளங்கள் நோட்டிஃபிகேஷன் கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று கேள்வி கேட்டால் பாதிப் பேர் எங்கள் சென்டருக்கு வரவே வேண்டியிருக்காது. எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழுக்கு ஓர் அமைப்பு என்று எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டோடு கால் பக்கத்தில் விளக்கிப் போடுங்கள். நோட்டிஃபிகேஷனிலிருந்து தொடங்கினால் நல்லது. அந்தப் பக்கத்தை வெட்டி சென்டர் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி