பார்த்து இறங்கச் சொல்லும் அண்ணன்மாருக்கும் சேட்டன்மாருக்கும்

பாலக்காடு–கோவை, பாலக்காடு–பொள்ளாச்சி வழித்தடங்களில் ஓடும் அரசு பஸ், தனியார் பஸ் டிரைவர்கள், கண்டக்டர் அண்ணன்மார், சேட்டன்மார், சேச்சிமார், வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயர் கூவும் 'கிளி' என்ற உதவியாளர்கள், ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் சார்மார் எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருக்கும், பார்வை தவணை முறையில் போய்க்கொண்டிருக்கும் தமிழ்ப் பயணிகள் எழுதுவது. கடன் எதுவும் வாங்கவில்லை. தவணை மட்டும் கட்டுகிறோம்.

எங்களை இறக்கிவிடும்போதெல்லாம் "பார்த்து இறங்குங்க" என்கிறீர்கள். அது ஒன்று மட்டும் முடிந்திருந்தால் நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. இதற்கு நாங்கள் சிரித்தால் உச்சுக் கொட்டுகிறீர்கள். உச்சுக் கொட்டுவது எங்களுக்கு நன்றாகவே கேட்கிறது. ஆளுக்கு ஆள் சுருதி வேறு. அதனால் எங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் சில கறுப்பு ஜோக்குகளை இங்கே விளக்கத்தோடு தருகிறோம். விளக்கினால் ஜோக் செத்துப்போகும் என்று தெரியும். பஸ்ஸுக்கு அடியில் நாங்கள் போவதற்குப் பதில் ஜோக் போகட்டும்.

உங்களுடைய பெரிய சந்தேகத்திலிருந்து தொடங்குவோம். ஒரு கையில் வெள்ளைக் கோல், மறு கையில் வாட்ஸப். "ஆள் நடிக்கிறான்." எங்களில் பலருக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. விழித்திரையில் இருட்டுக்கும் ஓரப் பார்வைக்கும் பொறுப்பான கோல் செல்கள் முதலில் சாகும். நடுப்பகுதியில் நெருக்கமாக உட்கார்ந்து எழுத்தையும் நிறத்தையும் காட்டும் கூம்பு செல்கள் பல வருடம் தாக்குப்பிடிக்கும். ஒரு கண்ணில் கோல் செல்கள் சுமார் 12 கோடி. அத்தனை கோலையும் கொடுத்துவிட்டுக் கைக்கு ஒரே ஒரு கோல் வாங்கியிருக்கிறோம். இதைவிட மோசமான பண்டமாற்று கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்கூட நடக்காது.

மிச்சம் இருப்பது எவ்வளவு? இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி தெரியும். அது 10 டிகிரிக்குச் சுருங்கியவர் 40 செ.மீ. தள்ளி எதையாவது பிடித்தால் 7 செ.மீ. அகலம் தெரியும். அதாவது ஒரு செல்போன், மிகச் சரியாக. ஒரு மீட்டரில் 17 செ.மீ.; உங்கள் முகம் மட்டும். பஸ்ஸின் முன்பக்க அகலம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரே பார்வையில் அடங்க நாங்கள் 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வர வர பஸ் காணாமல் போகும். வாட்ஸப்பைப் படித்துக்கொண்டே வாசல் கம்பியில் மோதுகிறவர் நடிக்கவில்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே 10 வரை என்றால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. அந்த ஆள் கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரை வாசித்தாலும் சட்டம் அதுதான். இதில் ஒரு லாபமும் உண்டு. எங்கள் கண் பட்டு யாருக்கும் திருஷ்டி வராது. வர வேண்டுமென்றால் நீங்கள்தான் சரியாக அந்த 10 டிகிரிக்குள் வந்து நிற்க வேண்டும்.

ஓரம் போனவருக்கு அங்கே கறுப்பாகத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். இல்லை. உங்கள் பிடரிக்குப் பின்னால் கறுப்பாகவா இருக்கிறது? கண் அழுத்த நோய்க்காரர்களுக்கும் இதே கதைதான். விட்டுப்போன இடத்தை மூளை அக்கம்பக்கத்து நிறத்தை வைத்துப் பூசி மெழுகிவிடும். தெரியவில்லை என்பதே தெரியாது. அதனால்தான் பாதை காலி என்ற முழு நம்பிக்கையோடு போய், நீங்கள் இறக்கிவைத்த வாழைத்தாரின் மேல் விழுகிறோம்.

மாக்குலா என்ற நடுப்பகுதி கெட்டவர்களிடம் எல்லாமே தலைகீழ். பெரும்பாலும் வயதானவர்கள். கீழே விழுந்த ஒரு ரூபாயைச் சட்டென்று எடுப்பார்கள். பத்து வருடமாக டிக்கெட் கொடுக்கும் உங்கள் முகம் தெரியாது. நேரே பார்த்தால் ஓட்டை, அதனால் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எழுபது வயதில் ஒருவர் பஸ்ஸில் பெண்களை ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்று சண்டைக்குப் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கலாம்.

இவர்களில் சிலருக்கு இன்னொன்றும் உண்டு. கண்ணிலிருந்து தகவல் வராமல் போனதும் வேலையில்லாத மூளை தானாகவே படம் ஓட்டும்: செங்கல் சுவர், பூ வேலைப்பாடு, சின்னஞ்சிறு மனிதர்கள். 1760-இல் ஸ்விட்சர்லாந்தின் சார்ல் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார். இந்த நிலையைப் போனே பெயராலேயே அழைக்கிறார்கள். பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. படத்துக்குச் சத்தம் கிடையாது, தெரிவது நிஜம் இல்லை என்று பார்ப்பவருக்கும் பெரும்பாலும் தெரியும். வெளிச்சத்துக்கு வந்தாலோ, கண்ணை இடமும் வலமும் வேகமாகச் சில முறை அசைத்தாலோ பலருக்குக் கலைந்துவிடும். "பக்கத்து சீட்டில் ஆள் இருக்கா?" என்று ஒரு பாட்டி கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாத குழந்தைக்கு அரை டிக்கெட் கிழித்துவிடாதீர்கள்.

வைத்திய ஆலோசனையும் தேவையில்லை. முருங்கைக்கீரை, கேரட் எல்லாம் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு. ஆர்.பி. மரபணுவில் வருவது. எங்கள் வீட்டு முருங்கை மரங்கள் மொட்டையாகி நிற்கின்றன, விழித்திரை துளிர்க்கவில்லை. சொத்து வெளியே போகக் கூடாது என்று அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கட்டிவைத்த குடும்பங்கள் சிலவற்றில், சொத்தோடு அந்த மரபணுவும் வெளியே போகாமல் பத்திரமாக இருக்கிறது.

இனி வேலை விஷயம்.

போர்டு. மலையாள எழுத்தை ஜிலேபி என்று மலையாளிகளே கிண்டல் செய்வார்கள். மங்கிய கண்ணுக்குச் சித்தூரும் கொல்லங்கோடும் ஒரே தட்டு ஜிலேபி. தமிழில் எழுதினாலும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் இதில் மொழிச் சண்டை வேண்டாம். ஓடும் எல்.இ.டி. போர்டு இன்னும் மோசம். 10 டிகிரிக்குள் இரண்டு எழுத்து வந்து போவதற்குள் அடுத்த இரண்டு வந்துவிடும். செல்போன் கேமராவில் பிடித்து வாசிக்கவைக்கலாம் என்றால், அந்த விளக்குகள் வேகமாக அணைந்து எரிவதால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்து பாதி எழுத்து போய்விடும். நகராமல் நிற்கும் எழுத்தே நல்லது. அதைவிட நல்லது கிளியின் தொண்டை. ஆனால் "பொள்ளாச்சி பொள்ளாச்சி" என்று மட்டும் கூவினால் பாதி விவரம்தான். கொழிஞ்சாம்பாறை வழியா, மீனாட்சிபுரம் வழியா என்பதையும் சேர்த்துக் கூவுங்கள். தப்பான பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் பொள்ளாச்சிதான் வரும் என்பது உண்மை. எங்கள் வீடு வராது.

படி. அலுமினியத் தகடு அடித்த படிகள் மூன்றும் ஒரே வெள்ளியாக மின்னும். எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் போதும். ஆயுத பூஜை உற்சாகத்தில் படி முழுவதையும் மஞ்சளாக அடித்துவிட்டால் விளிம்பு மறுபடி காணாமல் போகும், காசும் தண்டம். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் மணலைத் தூவுங்கள். இடவப்பாதி மழையில் வழுக்காது.

வெயில். ஏப்ரல் மாதப் பாலக்காட்டு வெயிலிலிருந்து, படுதா இறக்கிய பஸ்ஸுக்குள் ஏறும்போது நல்ல கண்ணே கொஞ்சம் தடுமாறும். இருட்டுக்கு முழுக்கப் பழக நல்ல கண்ணுக்கே 20 முதல் 30 நிமிடம் ஆகும். எங்களில் பலருக்கு அது பழகவே பழகாது. "உள்ளே போ, உள்ளே போ" என்று முதுகில் தட்டினால் உள்ளே போவோம், யாருடைய மடிக்கு என்பதுதான் தெரியாது. கம்பி எந்தப் பக்கம், காலி சீட்டு எத்தனையாவது வரிசை என்று சொல்லுங்கள்.

பணம். புதிய நோட்டுகளில் 100-க்கும் 200-க்கும் நீள வித்தியாசம் 4 மி.மீ. மட்டும்: 142, 146. பிறகு 500 வந்து 150. இதை விரலால் அளக்க ஆசாரியாகப் பிறந்திருக்க வேண்டும். 100-இல் மேடான முக்கோணம், 200-இல் ஆங்கில எச், 500-இல் வட்டம், ஓரத்தில் சாய்ந்த கோடுகள் எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கின்றன. மீன் மார்க்கெட் போய் நனைந்து வந்த நோட்டில் அதெல்லாம் தேய்ந்து போயிருக்கும். எனவே மடிப்புதான் வழி. 100-ஐ மடிக்காமல், 200-ஐக் குறுக்கே பாதியாக, 500-ஐ நெடுக மடித்து வைத்துக்கொள்கிறோம். நெடுக மடித்து விரலிடுக்கில் செருகும் கலை உங்களுக்குத் தெரியாததா? சில்லறை தரும்போது ஒவ்வொரு நோட்டையும் பெயர் சொல்லிக் கையில் வையுங்கள். கசக்கிக் கொத்தாகத் திணிக்காதீர்கள். எங்களை ஏமாற்றுவது எளிது. ஏமாற்றிய ஆளை எங்களால் அடையாளம் காட்ட முடியாது என்பதால் இன்னும் எளிது. பெரும்பாலோர் ஏமாற்றுவதில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கோல். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓடும் வண்டியில் உங்கள் ஸ்டியரிங்கை ஒரு பயணி பிடித்து இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். உதவ வேண்டுமென்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள்; அதற்குச் சற்று மேலே நாங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம். வாசல் வந்ததும் எங்கள் கையை எடுத்துக் கம்பியில் வைத்தால் போதும், மற்றதைக் கால் பார்த்துக்கொள்ளும். இடுப்புக்கு மேல் கோலுக்கு அதிகாரம் இல்லை. ஸ்டாண்டில் நடைபாதைக்கு மேல் பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டு நிற்கும்படி பஸ்ஸை ஒட்டி நிறுத்துவதால் நெற்றி பிளக்கிறது. நாங்கள் கண்ணாடி பார்த்துப் பல வருடம் ஆகிறது. கண்ணாடிதான் விடாமல் எங்களைப் பார்க்கிறது.

இரவு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நக்கல் செய்வார்கள். ஆர்.பி.க்காரருக்குச் சூரியன்தான் கடைசி நண்பன். கண் கெடக் கெட நமஸ்காரம் கூடத்தான் செய்யும். காலையில் கோல் இல்லாமல் ஏறிய அதே ஆள் ஆறரை மணிக்குக் கோலை விரித்தால் குழம்ப வேண்டாம். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் இருட்டில் இறக்கிவிடும்போது, ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினால் எத்தனை அடி தாண்டினீர்கள் என்று சொல்லுங்கள். குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் யானை முதலில் தடவிப் பார்த்துவிடும்.

கடைசியாக, "பார்த்து இறங்குங்க" என்பதற்குப் பதிலாக என்ன சொல்வது? "ரெண்டு படி, கீழே மண்ணு, இடது பக்கம் சாக்கடை." அவ்வளவுதான், மூன்று விநாடி. நாங்கள் இறங்கியதும் கோல் நுனி தரையில் இரண்டு தட்டு தட்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு டபுள் பெல் அடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாவது படியில் நிற்கும் பயணிகள்